சுங்கம் இட்ட முத்திரை: ஜப்பானியத் தகரப் பொம்மையும் விருத்தாசலம் பீங்கான் பொம்மையும்

1. கேள்வி

விருத்தாசலத்தில் பீங்கான் பொம்மை வாங்குகிறவர் அதைத் தலைகீழாகத் திருப்பிப் பார்ப்பதில்லை. முகம் திருத்தமாக இருக்கிறதா, விரல் உடையாமல் இருக்கிறதா, சாயம் வழிந்திருக்கிறதா என்று பார்த்து, விலை பேசி, வைக்கோலோ செய்தித்தாளோ சுற்றி வாங்கிப்போவார். பழைய ஜப்பானியத் தகரப் பொம்மை வாங்குகிறவர் முதலில் செய்வதே திருப்பிப் பார்ப்பதுதான். வண்டியானால் அடித்தகடு, ரோபோவானால் முதுகு அல்லது பாதம். அங்கே நகக்கண் அளவில் ஒரு முத்திரை இருக்கும்: ஒரு வட்டத்துக்குள் ஓரிரு எழுத்து, பக்கத்தில் நாட்டின் பெயர். அதைப் பார்த்த பிறகே முகத்தைப் பார்ப்பார்.

இந்த வேறுபாடுதான் இக்கட்டுரையின் பொருள். இரண்டுமே கலைஞர் ஒருவர் தன் பெயரிட்டுச் செய்த தனிப்படைப்புகள் அல்ல. இரண்டும் அச்சில் பிறந்தவை, மலிவாக விற்கப்பட்டவை, சிறு பட்டறைகளிலும் வீடுகளிலும் பெரும்பாலும் பெண்களின் கைவேலையால் முழுமை பெற்றவை. ஆனால் ஒன்று மேலைநாட்டு ஏலக்கூடங்களில் கண்ணாடிப் பெட்டிக்குள் நிற்கிறது. மற்றது மூக்கு உடைந்த மறுநாள் குப்பைக்குப் போகிறது. ஒரு விளையாட்டுப் பொருள் சேகரிப்புக்கு உரியதாக மாறுவதற்கு எது காரணம்?

‘ஜப்பான் சரக்குக்குத் தரம் உண்டு’ என்று ஒரே வரியில் விடை சொல்லிவிட முடியாது. அது பிற்பாடு வந்த நினைப்பு. 1930களில் ஜப்பான் சரக்கு என்றால் உலகம் முழுவதும் மலிவு என்றும் உழைக்காது என்றும்தான் பொருள். இன்று ஏலத்தில் போட்டி போட்டு வாங்கப்படும் பொம்மைகளும் அந்த இளக்காரம் மறையாத காலத்தில் செய்யப்பட்டவைதாம்.

2. இதுவரை சொல்லப்பட்ட விடைகள்

சேகரிப்பு பற்றிய எழுத்தில் மூன்று காரணங்கள் திரும்பத் திரும்ப வருகின்றன: பிள்ளைப்பருவ ஏக்கம், அருமை, வேலைப்பாடு.

ஏக்கம் என்ற விடையில் உண்மை இருக்கிறது. 1950களில் அமெரிக்காவில் பிள்ளைகளாக இருந்தவர்கள் 1980களில் கையில் பணம் புழங்கும் வயதுக்கு வந்தார்கள். தகரப் பொம்மையின் விலை ஏறத் தொடங்கியதும் ஏறத்தாழ அப்போதுதான். ஆனால் நவராத்திரிக்குப் பரணிலிருந்து இறங்கும் பெட்டியைச் சுற்றி நின்ற தமிழ்ப் பிள்ளைகளுக்கு மட்டும் ஏக்கம் குறைவா என்ன? ஏக்கம் வாங்கத் தூண்டும். எதை வாங்குவது என்று அது சொல்லித் தராது.

அருமை என்ற விடையோ இன்னும் தளர்ந்தது. கீழே போட்டால் தகரம் நசுங்கும், பீங்கான் நொறுங்கும். ஐம்பது ஆண்டுக்கு முன் விருத்தாசலத்துச் சூளையிலிருந்து வந்த பொம்மைகளில் இன்று முழுதாக நிற்பவை எத்தனை இருக்கும்? அருமைதான் அளவுகோல் என்றால் ஏலக்கூடத்தில் அவைதான் முந்தி நிற்க வேண்டும்.

வேலைப்பாட்டை அடுத்த பகுதியில் தனியே பார்க்கலாம். அதற்கு முன் இங்கே எடுத்துக்கொள்ள வேண்டியது, ஆங்கில மானிடவியலாளர் மைக்கேல் தாம்சன் 1979இல் எழுதிய ‘குப்பைக் கோட்பாடு’. பொருள்களை அவர் இரண்டு வகையாகப் பிரிக்கிறார். சில நாளாக நாளாக மதிப்பிழக்கும்; சில நாளாக நாளாக மதிப்பேறும். முதல் வகையிலிருந்து இரண்டாம் வகைக்கு நேர்வழி கிடையாது. இடையில் ஒரு காலம் அந்தப் பொருள் யாருக்கும் வேண்டாத குப்பையாகக் கிடந்தே ஆக வேண்டும் என்பது அவர் வாதம். விக்டோரியா காலத்தில் மலிவாக விற்ற பட்டு நெசவுப் படங்கள் பிறகு எவருக்கும் வேண்டாதவையாகி, இன்னும் பிறகு விலையேறியதை அவர் உதாரணம் காட்டினார்.

தகரப் பொம்மைக்கு இது கச்சிதமாகப் பொருந்துகிறது. பிளாஸ்டிக் வந்த பின் ஜப்பானியக் கடைகளின் பின்னறைகளில் விற்காத தகரப் பொம்மைகள் தூசி படிந்து கிடந்தன. 1948இல் பிறந்த கிதஹாரா தெருஹிசா 1970களில் அவற்றைத் தேடிச் சேர்க்கத் தொடங்கினார். 1986இல் யோகோஹாமாவில் தகரப் பொம்மை அருங்காட்சியகம் திறந்தார். குப்பை கண்ணாடிப் பேழைக்குள் ஏறியது.

ஆனால் தாம்சனின் கோட்பாட்டில் ஓர் ஓட்டை இருக்கிறது. விருத்தாசலம் பொம்மையும் குப்பைக்குப் போகிறது. போனது திரும்பி வரவில்லை. குப்பையிலிருந்து ஒரு பொருளைப் பொறுக்கி எடுக்கிறவருக்கு அது இன்னது, இன்ன காலத்தது என்று சொல்லிக்கொள்ள ஒரு பிடி வேண்டும். தகரப் பொம்மைக்கு அந்தப் பிடி எங்கிருந்து வந்தது?

3. தகரம் பொம்மையான கதை

ஜப்பானியர் தகரப் பொம்மையை ஜெர்மானியரைப் பார்த்துக் கற்றுக்கொண்டார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் உலகத்துக்கே தகரப் பொம்மை கொடுத்த ஊர் நியூரம்பர்க். முதல் உலகப் போரில் ஜெர்மன் ஏற்றுமதி அறுந்துபோக, அந்த இடத்தில் ஜப்பான் நுழைந்தது. 1938இல் சீனப் போருக்காக உலோகத்தைச் சேமிக்க வேண்டி, பொம்மைக்கு உலோகத்தைப் பயன்படுத்துவதை ஜப்பானிய அரசே தடுத்தது. போர் முடியும்வரை தகரப் பொம்மை இல்லை.

மறுபிறப்பு 1945 டிசம்பரில். டோக்கியோவில் பொம்மைத் தொழில் செய்துவந்த கொசுகே மாத்சுசோ என்பவர் போரின்போது ஷிகா பகுதியில் உள்ள ஓத்சு நகரத்துக்கு இடம்பெயர்ந்திருந்தார். அமெரிக்கப் படையினர் உண்டு எறிந்த உணவு டப்பாக்களைச் சேகரித்து, வெட்டி, நிமிர்த்தி, அதே படையினர் ஓட்டிய ஜீப்பைச் சிறு பொம்மையாகச் செய்தார். கியோட்டோவின் மருபுத்சு அங்காடியில் ஒன்று 10 யென் என்று விற்பனைக்கு வைத்தார்கள். தோற்ற நாட்டின் பிள்ளைகள், வென்ற படையின் எச்சில் டப்பாவில் செய்த வென்ற படையின் வண்டியை வைத்து விளையாடினார்கள். போருக்குப் பிந்தைய தகரப் பொம்மைகள் சிலவற்றின் உட்புறத்தில் டப்பாவின் பழைய அச்சு இன்றும் தெரியும். சேகரிப்பாளர்கள் அதை ஊனமாக எண்ணுவதில்லை. அதற்காகவே கூடுதல் விலை தருவார்கள்.

1947இல் தனியார் வெளிநாட்டு வணிகம் மறுபடி அனுமதிக்கப்பட்டது. உணவுத் தானியம் வாங்க டாலர் தேவைப்பட்ட நாட்டுக்குப் பொம்மை ஏற்றுமதி கைகொடுத்தது. அடுத்த இருபது ஆண்டில் டோக்கியோவின் கீழ்ப்பகுதிகளான அசகுசா, கத்சுஷிகா, சுமிதா வட்டாரங்களில் இருந்த சிறு பட்டறைகளிலிருந்து கார்களும் ரோபோக்களும் மத்தளக் குரங்குகளும் குடிகாரக் கரடிகளும் கப்பலேறின.

இந்தப் பொம்மைகளின் கவர்ச்சி செய்முறையிலேயே இருக்கிறது. வெள்ளீயம் பூசிய இரும்புத் தகட்டில் முதலில் வண்ண அச்சு. பிறகே வெட்டும் அழுத்தமும். கார் கூரையின் வளைவு வரும் முன்பே அந்தக் கூரைக்கான நிறம் தட்டைத் தகட்டில் ஏறியிருக்கும். வளைவில் அச்சு எப்படி இழுபடும் என்பதை முன்கூட்டிக் கணித்து வரைந்தவர்கள் இருந்தார்கள்; அவர்கள் பெயர் எங்கும் இல்லை. ஓரத்தில் விட்ட சின்ன நாக்குகளை எதிர்த் தகட்டின் துளையில் செருகி மடக்கினால் பொம்மை தயார். திருகாணியும் இல்லை, பற்றவைப்பும் இல்லை. பேருந்தின் ஜன்னலில் கண்ணாடி இராது. பயணிகளின் முகங்கள் தட்டையாக அச்சிடப்பட்டிருக்கும். எல்லோரும் அமெரிக்கர்கள், எல்லோரும் சிரித்துக்கொண்டிருப்பார்கள். அமெரிக்காவைக் கண்ணால் பார்த்திராதவர்கள், பத்திரிகை விளம்பரத்தையும் படையினரின் வண்டியையும் வைத்துக்கொண்டு உருவாக்கிய அமெரிக்கா அது.

இந்தத் தூரம் வேடிக்கையைத் தருகிறது. சில நேரம் உள்ளே ஏதோ பிசைகிறது. ‘அட்டாமிக் ரோபோ மேன்’ என்ற சிறிய பொம்மை அமெரிக்க ஆக்கிரமிப்புக் காலத்தில் செய்யப்பட்டது. அதன் அட்டைப்பெட்டியில் இடிந்து சரியும் நகரத்தின் ஊடே ரோபோ நடந்து வருகிறது. பின்னால் காளான் மேகம் எழுகிறது. ஹிரோஷிமா நடந்து ஐந்தாண்டுகூட ஆகாத நாட்டில், அமெரிக்கப் பிள்ளைகளுக்காக அச்சான படம் இது. இதைக் ‘குறும்பு அழகு’ என்ற தலைப்பில் அலமாரியில் வைப்பவர்கள் இருக்கிறார்கள். எனக்கு அது கைவரவில்லை.

சாவி கொடுக்கும் சுருள்வில், தரையில் உரசி விட்டால் ஓடும் சக்கரம், 1950களின் நடுவில் பேட்டரி என்று இயக்கமும் வளர்ந்தது. 1955இல் மசுதயா நிறுவனம் வானொலி அலையால் ஓடும் பேருந்தைக் கொண்டுவந்தது. சுவரில் மோதினால் தானே திரும்பிக்கொள்ளும் உத்திக்கு ‘மிஸ்டரி ஆக்‌ஷன்’ என்று பெட்டியில் பெயர் போட்டார்கள். 1956இல் வெளியான ‘ஃபர்பிடன் பிளானட்’ திரைப்படத்தின் ரோபோவை நோமுரா நிறுவனம் உடனே தகரத்தில் செய்தது. பிறகு பிளாஸ்டிக் மலிந்தது; கூர்விளிம்பு போன்றவை பற்றி அமெரிக்காவில் 1969இல் பாதுகாப்புச் சட்டம் வந்தது; 1971க்குப் பின் யென் மதிப்பு ஏறியது. தொழில் ஹாங்காங்குக்கும் தைவானுக்கும் நகர்ந்தது.

4. முத்திரையின் பிறப்பு

முத்திரைக்கு வருவோம். சேகரிப்பாளரின் கையேடுகள் அதைத் தயாரிப்பாளரின் கையெழுத்துப் போலக் கொண்டாடுகின்றன. அதன் பிறப்பு வேறு. 1890இன் மெக்கின்லி சுங்கச் சட்டம், அமெரிக்காவுக்குள் வரும் வெளிநாட்டுப் பொருளில் அது செய்யப்பட்ட நாட்டின் பெயர் இருக்க வேண்டும் என்றது. உள்நாட்டுத் தொழிலுக்கு அரணாக எழுந்த விதி அது. முதலில் ஜப்பானியர் ‘நிப்பான்’ என்று பொறித்தார்கள். 1921இல் அமெரிக்கச் சுங்கத்துறை அது செல்லாது, ‘ஜப்பான்’ என்றே இருக்க வேண்டும் என்றது. போருக்குப் பின் 1947 முதல் ‘ஆக்கிரமிக்கப்பட்ட ஜப்பானில் செய்தது’ என்ற வாசகம் வந்தது. 1952 ஏப்ரலில் ஆக்கிரமிப்பு முடிந்ததும் போயிற்று.

இந்த மூன்று வாசகங்களும் இன்று சேகரிப்பாளரின் பஞ்சாங்கம். ‘நிப்பான்’ என்றால் 1921க்கு முன்; ‘ஆக்கிரமிக்கப்பட்ட’ என்றால் இந்த ஐந்தாண்டுக்குள். ஐந்தாண்டுக் காலத்தில் செய்த எல்லாவற்றிலும் அந்தச் சொல் இருக்கும் என்பதில்லை. அந்தச் சொல் இருப்பது அந்தக் காலத்தது என்பது மட்டும் உறுதி. எந்தச் சட்டம் பொம்மையை அந்நியச் சரக்கு என்று அடையாளம் காட்ட எழுந்ததோ, அதுவே பின்னாளில் அதற்குப் பிறப்புச் சான்றிதழாகிவிட்டது. கடலைத் தாண்டாமல் உள்ளூரிலேயே விற்ற பொம்மைக்கு இந்தச் சான்றிதழ் கிடைக்க வழியில்லை. விருத்தாசலத்துப் பொம்மையின் பெயரின்மைக்கு முதல் காரணமாக நான் கருதுவது இதைத்தான்.

நாட்டின் பெயருக்குப் பக்கத்தில் இருக்கும் ஓரிரு எழுத்துக் குறிகளைப் பற்றியும் எச்சரிக்கை வேண்டும். டி.என். என்றால் நோமுரா, எஸ்.எச். என்றால் ஹொரிகாவா, டி.எம். என்றால் மசுதயா, ஒய் என்றால் யோனெசாவா என்று மனப்பாடமாகச் சொல்வார்கள். ஆனால் இவற்றில் பல, பொம்மையைச் செய்தவரின் குறி அல்ல. செய்யச் சொல்லி வாங்கி விற்ற மொத்த வியாபாரியின் குறி. மசுதயாவே 1724இல் தொடங்கிய பழைய வணிக இல்லம். தகடு வெட்டியது ஒரு பட்டறை, அச்சிட்டது இன்னொன்று, நாக்கை மடக்கியது ஏதோ ஒரு வீட்டுப் பெண். முத்திரை இருப்பதால் பெயர் தெரிந்துவிட்டது என்று நம்புவது பாதி ஏமாற்று. காலமும் எப்போதும் தெளிவாக இருப்பதில்லை: ‘லிலிபுட்’ என்ற மஞ்சள் நிறப் பெட்டி உருவ ரோபோவில் குறி தெளிவாக இருந்தும், அது போருக்கு முந்தையதா பிந்தையதா என்று இன்னும் வாதாடுகிறார்கள்.

போலிகளும் வந்துவிட்டன. பழைய பொம்மையின் அச்சைப் படமெடுத்து மறுபடி அச்சிட்டதில், பூதக்கண்ணாடி வழியே புள்ளிப் புள்ளியாக நிறம் தெரியும். மடக்கிய நாக்கை ஒருமுறை நிமிர்த்தி மறுபடி மடக்கியிருந்தால் மடிப்பில் வெள்ளைக் கீறல் விழும். உள்ளே ஏதோ மாற்றியிருக்கிறார்கள் என்று பொருள். இத்தகைய சோதனைக்கு விருத்தாசலத்தில் புராண முன்மாதிரியே உண்டு. விருத்தாசலமாகிய திருமுதுகுன்றத்தில் பெற்ற பன்னீராயிரம் பொன்னைச் சுந்தரர் மணிமுத்தாற்றில் இட்டுத் திருவாரூர்க் குளத்தில் எடுத்த கதையில், இடும் முன் ஒரு மச்சம், அதாவது மாதிரித் துண்டு, வெட்டித் தனியே வைத்துக்கொள்கிறார். குளத்தில் எடுத்ததை அதனோடு ஒப்பிட்டபோது முதலில் மாற்றுக் குறைந்தது. இறைவனிடத்திலேயே மச்சம் வெட்டி வைத்துக்கொண்ட ஊர் இது. சேகரிப்பாளர் கேட்பதும் அதைத்தான்: ஒப்பிட்டுப் பார்க்க ஐயமற்ற ஒரு மாதிரி. தகரப் பொம்மைக்கு முத்திரையும் பெட்டியும் விற்பனைப் பட்டியலும் அந்த மச்சமாக நிற்கின்றன.

5. கொலுவுக்கு வந்த ஜப்பான்

தமிழ்நாட்டுக்கு இந்தப் பொம்மைகள் வந்த வழி குறுகலானது. சுதந்திரத்துக்குப் பின் இறக்குமதிக் கட்டுப்பாடு இறுகியது; டாலர் கையிருப்பு சுருங்கிய நாட்டில் பொம்மைக்கு உரிமம் தர யாரும் தயாராக இல்லை. பினாங்கு, சிங்கப்பூரிலிருந்து நாகப்பட்டினத்துக்கும் சென்னைக்கும் வந்த ரஜூலா கப்பலின் டிரங்குப் பெட்டிகளிலும், பர்மாவிலிருந்தும் இலங்கையிலிருந்தும் திரும்பியவர்களின் மூட்டைகளிலும் வந்தவைதாம் பெரும்பாலும். 1960களின் இறுதியில் எழுந்த சென்னை பர்மா பஜாரிலும், 1985இல் எரிந்துபோகும்வரை மூர் மார்க்கெட்டிலும் சில கைமாறின. இன்று காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவின் பழம்பொருள் கடைகளில், எனாமல் தூக்குகளுக்கும் ஜப்பானிய ஓடுகளுக்கும் நடுவே எப்போதாவது ஒன்று அகப்படும். ஜப்பான் என்று விற்கப்படும் எல்லாமும் ஜப்பான் அல்ல. சாவி கொடுத்தால் குதிக்கும் பச்சைத் தவளையின் வயிற்றில் எம்.எஸ். என்ற எழுத்தும் ஓர் எண்ணும் இருந்தால் அது ஷாங்காய்ச் சரக்கு, எம்.எஸ். என்பது சுருள்வில் வகைக்கான அந்த ஆலைகளின் குறி.

வந்த பொம்மை இங்கே என்ன ஆயிற்று என்பதுதான் முக்கியம். பிள்ளை கையில் கொஞ்ச காலம் இருந்தது. பிறகு கொலுவுக்குப் போயிற்று. கொலுவின் மேல்படிகளில் தெய்வங்கள், நடுவில் மகான்கள், கீழே மரப்பாச்சியும் செட்டியாரும். அதற்கும் கீழே தரையில் மணல் கொட்டி, கடுகு முளைக்கவிட்டு, கண்ணாடித் துண்டைக் குளமாக்கி அமைக்கும் ‘பார்க்’. தகரக் காரும் ரயிலும் அங்கேதான் நின்றன. மேலை நாட்டில் விலைச்சீட்டோடு தனிப்பேழையில் நின்றிருக்கக்கூடிய பொம்மை, இங்கே கடுகுச் செடிக்கு நடுவே, பிளாஸ்டிக் மாட்டுக்குப் பக்கத்தில், ஓர் ஊரின் போக்குவரத்தாக வேலை பார்த்தது.

கொலுவையும் ஒரு சேகரிப்பு என்றே கொள்ள வேண்டும். தலைமுறை தாண்டும், ஆண்டுக்கு ஒரு பொம்மையாவது புதிதாகச் சேரும், தாய்வழியே பிரித்துக் கொடுக்கப்படும். மேலை நாட்டுச் சேகரிப்புக் கோட்பாடுகள் பெரும்பாலும் தனியாளை, அதிலும் ஆண்களை, மனத்தில் வைத்து எழுதப்பட்டவை. வீட்டுப் பெண்கள் கூட்டாக நடத்தும் இந்தச் சேகரிப்புக்கு அவற்றில் இடமில்லை. ஆனால் கொலுவின் இலக்கணம் வேறு. அங்கே பொம்மைக்கு மதிப்பு, செய்தவரால் வருவதில்லை. நிற்கும் படியால் வருகிறது. ‘இது யார் செய்தது’ என்று கேட்பதில்லை. ‘இது பெரியம்மா சீராகக் கொண்டுவந்தது’ என்பார்கள். வரலாறு இருக்கிறது, வாங்கியவரின் வரலாறாக இருக்கிறது. இன்னொன்று: மூளியான பொம்மையைப் படியில் வைப்பதில்லை. நசுங்கலும் துருவும் தகரப் பொம்மையின் விலையைக் குறைக்கும், அவ்வளவுதான். கொலுவில் விரல் உடைந்த பொம்மைக்கு இடமே போய்விடும். பழைய பீங்கான் பொம்மை குறைந்துபோனதற்கு இந்த வழக்கமும் ஒரு காரணம்.

6. யனாகியின் எதிர்வாதம்

பெயரின்மைதான் தடை என்ற என் வாதத்துக்கு வலுவான மறுப்பு ஜப்பானிலிருந்தே வருகிறது. யனாகி சோயெத்சு 1920களில் ‘மிங்கெய்’ என்ற நாட்டார் கைவினை இயக்கத்தைத் தொடங்கினார். பெயர் தெரியாத குயவர் அன்றாடப் பயன்பாட்டுக்குச் செய்த சட்டியில்தான் உண்மையான அழகு இருக்கிறது என்பது அவர் கொள்கை. 1936இல் டோக்கியோவில் அதற்கென அருங்காட்சியகமே திறந்தார். கையெழுத்தற்ற கொரியக் கிண்ணங்களும் கிராமத்து எண்ணெய்த் தட்டுகளும் அங்கே அரிய பொருள்களாயின. பெயர் இல்லாததும் சேகரிக்கப்படும் என்றால், விருத்தாசலம் பொம்மைக்கு முத்திரை இல்லாதது எப்படித் தடையாகும்?

மறுப்பை ஏற்க வேண்டியதுதான். ஆனால் யனாகி என்ன செய்தார் என்று பார்க்க வேண்டும். சூளை சூளையாகப் போனார். எந்தச் சட்டி எந்த ஊர்ச் சூளையில் வந்தது என்று பிரித்தார். விடாமல் எழுதினார், இதழ் நடத்தினார். முத்திரை செய்யும் வேலையை அவர் எழுத்து செய்தது. ஆக, பெயர் இன்றியமையாதது அல்ல. ஒன்றிலிருந்து ஒன்றைப் பிரித்தறிய வழி இன்றியமையாதது. சுங்கச் சட்டம் அதைத் தகரப் பொம்மைக்குத் தற்செயலாகத் தந்தது. யனாகி சட்டிகளுக்கு வேண்டுமென்றே தந்தார். யனாகியிடம் ஒரு குறையும் உண்டு: ஆலைப் பொருளை, மலிவு அச்சுப் பொருளை அவர் மதிக்கவில்லை. தகரப் பொம்மை மட்டுமல்ல, பிளாஸ்டர் அச்சில் வார்த்த விருத்தாசலம் பொம்மையும் அவர் வாசலைத் தாண்டியிருக்காது.

7. விருத்தாசலம்: அச்சும் சுருக்கமும்

விருத்தாசலத்தில் பீங்கான் தொழில் வேர்பிடித்ததற்கு மண் காரணம். கடலூர் மணற்கல் படிவில், நெய்வேலியில் பழுப்பு நிலக்கரிக்கு மேலே கிடக்கும் அடுக்குகளில், வெள்ளைக் களிமண் இருக்கிறது. 1956இல் நெய்வேலி பழுப்பு நிலக்கரி நிறுவனம் வந்து, அருகே இருந்த இவ்வூரில் பீங்கான் தொழிற்பேட்டையும், பீங்கான் தொழில்நுட்பத்துக்கென்றே பட்டயப் படிப்பு நடத்தும் அரசு நிறுவனமும் அமைந்தன. மின்சாரப் பியூஸ் கேரியரும் கோப்பையும் செய்த ஊரை இன்று பலருக்கும் தெரிவது கொலுப் பொம்மையாலும் அகல்விளக்காலும்தான்.

பொம்மையின் செய்முறை இது. களிமண்ணைத் தண்ணீரோடு கரைத்து ‘ஸ்லிப்’ என்னும் கூழாக்கி, பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் ‘மோல்டு’க்குள் ஊற்றுவார்கள். மோல்டு தண்ணீரை உறிஞ்ச, உட்சுவரில் தோல் போல மண் படியும். வேண்டிய கனம் வந்ததும் மீதிக் கூழைக் கவிழ்த்துவிட்டு, இறுகியபின் மோல்டின் பாதிகளைப் பிரித்து எடுப்பார்கள். பாதிகள் சேர்ந்த இடத்தில் எழும் விளிம்பைப் பிளேடால் சீவி, ஈர ஸ்பாஞ்சால் துடைத்து, காயவைத்து, சூளையில் சுட்டு, சாயம் தீட்டுவார்கள். பொம்மையின் உள்ளே வெற்றிடம். அடியில் கூழ் வடிந்த துளை. முத்திரை இருக்க வேண்டிய இடத்தில் இருப்பது அந்தத் துளைதான்.

இங்கே ஓர் இயற்பியல் உண்மை ஆய்வுக்கு உதவுகிறது. மோல்டை விட்டு வரும் ஈரப் பொம்மை காயும்போதும் சுடும்போதும் சுருங்கும். கலவையையும் சூட்டையும் பொறுத்து அளவு மாறும். தோராயமாகப் பத்தில் ஒரு பங்கு என்று கொள்ளலாம். பட்டறைகளில் புதிய உருவைச் செதுக்குவதைவிட, நன்றாக விற்கும் பொம்மையின் மேலேயே மோல்டு எடுப்பது எளிது. சுட்ட பொம்மையிலிருந்து மோல்டு எடுத்தால் அடுத்த பொம்மை அந்த அளவுக்குச் சிறுக்கும். 10 அங்குலக் கிருஷ்ணன் அடுத்த தலைமுறையில் 9 அங்குலம். அதற்கடுத்து 8 அங்குலத்துக்குச் சற்று மேல். உயரத்தோடு கூர்மையும் போகும்: முதலில் மணிக்கட்டு வளையல்கள் ஒன்றாக ஒட்டும், பிறகு புல்லாங்குழலின் துளைகள் மறையும், பிறகு இமை.

ஏடு பெயர்த்தெழுதுவோர் விட்ட பிழைகளை வைத்து எந்தச் சுவடி எதிலிருந்து வந்தது என்று பதிப்பாசிரியர்கள் கண்டறிவது போலவே, ஒரே உருவம் கொண்ட பொம்மைகளை அளந்து, மழுங்கலைக் குறித்து, வழிமுறை வரைய முடியும். எனவே முத்திரை இல்லாததால் விருத்தாசலம் பொம்மையை வாசிக்க முடியாது என்பது சரியல்ல. அளவுகோலும் துளையின் வடிவமும் சேர்ப்புக்கோடு ஓடும் இடமும் முத்திரையின் வேலையைச் செய்யும். ஒன்றை மட்டும் அவற்றால் சொல்ல முடியாது: ஆண்டு. வழிமுறை முன்பின்னைத் தரும், தேதியைத் தராது. அதற்கு வீடுகளின் நினைவு வேண்டும்; கொலுவின் ‘பெரியம்மா சீர்’ கணக்கு அங்கேதான் பயன்படும். கல்யாணம் நடந்த ஆண்டு எந்தக் குடும்பத்திலும் தெரியும்.

சட்டம் இப்போது மறுபடி முத்திரை கேட்கிறது. 2020இல் பிறப்பித்து 2021 ஜனவரி முதல் நடைமுறைக்கு வந்த பொம்மைத் தரக் கட்டுப்பாட்டு ஆணை, 14 வயதுக்கு உட்பட்டோர் விளையாடும் பொம்மைக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரையைக் கட்டாயமாக்கியது. பதிவுபெற்ற கைவினைஞர்களுக்கும் புவிசார் குறியீடு பெற்ற பொருள்களுக்கும் அதில் விலக்கு உண்டு. கொலுப் பொம்மையோ விளையாட்டுப் பொருளே அல்ல என்று வாதிடலாம். சிறு பட்டறைக்குச் சோதனைக் கட்டணம் மிச்சம், விலக்கு நியாயமானது. ஆனால் மெக்கின்லி சட்டம் ஜப்பானியப் பட்டறைக்குத் தற்செயலாகச் செய்த உதவி இங்கே இரண்டாம் முறையும் கிடைக்காமல் போகிறது. அடியில் ஒரு ரப்பர் ஸ்டாம்பு அளவுக்கு ஊர்ப்பெயரும் ஆண்டும் பொறிக்க எந்த ஆணையும் தேவையில்லை என்பதும் உண்மைதான். சூளைக்குப் போகும் முன் ஈர மண்ணில் ஓர் அழுத்து. செலவு அநேகமாக இல்லை.

8. எதைச் சேகரிப்பது

பழையதைச் சேகரிக்க விரும்புகிறவர் பொம்மையைத் தேடி அலைவதைவிட மோல்டைத் தேடுவது நல்லது என்பது என் கருத்து. ஒரு பிளாஸ்டர் மோல்டு நூறு வார்ப்புக்குள் கூர்மையிழந்துவிடும்; ஈரம் ஏறி உதிரும்; பட்டறையின் கொல்லையில் மேடு தட்டப் பயன்படும். தாம்சன் சொன்ன குப்பை நிலையில், இன்று, எல்லோர் கண்முன்னும் கிடப்பது அதுதான். பொம்மை சுருங்கிய அளவைக் காட்டும். சுருங்கும் முன் இருந்த அளவு மோல்டில் மட்டுமே இருக்கும். பாதிகள் மாறிப்போகாமல் இருக்க முதுகில் இட்ட குறிகளும் கீறல்களும் அந்தப் பட்டறையின் கைப்பழக்கத்தைக் காட்டும். எடை அதிகம், அழகு குறைவு, அலமாரியில் எடுபடாது. அதனால் விலையும் ஏறாது. ஊரிலேயே இருக்கும் பீங்கான் தொழில்நுட்ப நிறுவனத்தின் ஓர் அறை போதும். மாணவர் ஒருவருக்கு ஓர் அளவுகோலும் பதிவேடும் போதும்.

எங்கே தொடங்குவது என்றால் செட்டியார் பொம்மையின் மோல்டில் தொடங்கலாம். பெரும்பாலான கொலுக்களில் அவர் இருப்பதால் ஒப்பிட நிறைய அகப்படும். அவர் முன்னே பரப்பியிருக்கும் தட்டுகளில் அரிசியும் பருப்பும் குறுமணலாகக் குவிந்திருக்கும். மோல்டு மழுங்கும்போது முதலில் போவது அந்த மணிகள்தாம், தொந்தி கடைசியில்.